ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வலது இலியாக் ஃபோசா’ என்று இருந்தால் என்ன பொருள்?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

“டாக்டர் ஐயா, என் மகளுக்கு 19 வயது. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் காலையில் வலது பக்க அடிவயிற்றில் திடீரென்று வலி வந்து, விடுதியிலிருந்தே பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, குமட்டலும் இல்லை. அன்று மதியமும் இரவும் வழக்கம்போலப் பசித்துச் சாப்பிட்டாள். டோட்டல் கவுண்ட் 8,600. மாதவிலக்கு வந்து அப்போது 15 நாள் ஆகியிருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டில், ரைட் இலியாக் ஃபோசாவில் ப்ரோப் டெண்டர்னஸ், அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை, மெசென்டரியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சில நோடுகள், பௌச் ஆஃப் டக்ளஸில் கொஞ்சம் ஃப்ரீ ஃப்ளூயிட் என்று இருக்கிறது. ஃபோசா என்றால் குழி என்று போனில் வந்ததும், வயிற்றுக்குள் குழி விழுந்துவிட்டதா என்று பயந்துபோனேன். இலியம் என்று தேடினால் ஓரிடத்தில் எலும்பு, இன்னோரிடத்தில் குடல் என்கிறது. ஒரு டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் அப்பெண்டிக்ஸை எடுத்துவிடுவது நல்லது என்றார். என் மாமியார், குடலேற்றம்தான், எண்ணெய் தடவித் தட்டினால் சரியாகிவிடும் என்கிறார். இரண்டு நாளில் வலி நின்றுவிட்டது. இன்னொன்று, அங்கே ஒரு டாக்டரம்மா என் மகளைத் தனியாக உட்காரவைத்து ஏதேதோ கேட்டிருக்கிறார். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். இல்லை என்றுதான் வந்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?”

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் வயிற்றில் எந்தக் குழியும் விழவில்லை. இலியாக் ஃபோசா என்பது நோயின் பெயர் கிடையாது, உடம்பில் ஓர் இடத்தின் பெயர். உங்களுக்கு, எனக்கு, எல்லோருக்கும் வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றும் பிறவியிலேயே இருக்கின்றன. ஸ்கேன் எடுத்தவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கருவியை வலது அடிவயிற்றில் வைத்து அழுத்தியபோது இந்தப் பெண்ணுக்கு வலித்தது. ‘டெண்டர்னஸ்’ என்றால் தொட்டு அழுத்தும்போது வரும் வலி. ‘ப்ரோப்’ என்பது அவர் கையில் பிடித்திருந்த கருவி. அந்த வரி ஒரு முகவரி மாதிரி. தெருவும் கதவு எண்ணும் தெரிந்துவிட்டது என்பதற்காக, அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நீங்களே தொட்டுப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். கைக்குக் கீழே வளைந்து தட்டுப்படுவது இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. அதைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்தால் ஒரு முனை தட்டுப்படும். ஒல்லியானவர்களுக்கு அது வெளியிலேயே துருத்திக்கொண்டு தெரியும். இந்த அகன்ற எலும்பின் பெயர் இலியம். அதன் உட்பக்கம் சமதளமாக இல்லாமல் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். அந்த உள்வாங்கிய பரப்புக்குத்தான் இலியாக் ஃபோசா என்று பெயர். அதன்மேல் ஒரு தசை படர்ந்திருக்கிறது, தசைக்கு மேலே குடல் படுத்திருக்கிறது. எலும்பின் பெயரையே அதற்கு முன்னால் உள்ள வயிற்றுப் பகுதிக்கும் சேர்த்து டாக்டர்கள் சொல்லிப் பழகிவிட்டோம். கேஸ் ஷீட்டில் சுருக்கமாக ‘ஆர்.ஐ.எஃப்.’ என்று எழுதுவோம். தமிழில் ‘வலது அடிவயிறு’ என்று சொன்னால் போதும், யாருக்கும் புரியும்.

இலியம் என்று தேடியபோது இரண்டு விடை வந்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இலியம் என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து மாறும், தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் தெரியாது. மருத்துவ மாணவர்களே முதல் வருடத்தில் இதில் தடுமாறுவார்கள். போதாக்குறைக்கு, இலியம் என்ற குடல் போய் முடிகிற இடமும் வலது இலியாக் ஃபோசாவேதான். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது எலும்பை வைத்து வந்த பெயர்.

வயிறு முழுக்க ஒரே தோல், எங்கேயும் எல்லைக்கோடு கிடையாது. அதனால் டாக்டர்கள் மனதுக்குள்ளேயே கோடு போட்டுக்கொள்கிறோம். இரண்டு காறை எலும்புகளின் நடுவிலிருந்தும் கீழ்நோக்கி இரண்டு கோடு. விலா எலும்புகள் முடியும் இடத்தில் குறுக்கே ஒன்று, இடுப்பெலும்புகளை இணைத்துக் குறுக்கே இன்னொன்று. மொத்தம் ஒன்பது கட்டம் வரும். கீழ்வரிசையில் வலது, இடது ஓரக் கட்டங்கள்தான் இலியாக் ஃபோசாக்கள். நடுக்கட்டம், அதாவது தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றின் மையம், ஹைப்போகேஸ்ட்ரியம். சில ரிப்போர்ட்டுகளில் அதையே ‘சுப்ராப்யூபிக்’ பகுதி என்று எழுதியிருப்பார்கள். அங்கே சிறுநீர்ப்பையும், பெண்களுக்குக் கருப்பையும் இருக்கின்றன. நீர்க்கடுப்பு வலியும் மாதவிலக்கு வலியும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இடது ஓரத்தில் மலக்குடலுக்குச் சற்று மேலே இருக்கிற பெருங்குடல் வளைவு இருக்கிறது. மலச்சிக்கல்காரர்களுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது அதனால்தான்.

இலியாக் ஃபோசாவை ஒட்டி, காலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. தானமாகப் பெற்ற சிறுநீரகத்தை முதுகுப்பக்கம் பழைய இடத்தில் வைக்காமல் அடிவயிற்றில் வைப்பது இதற்காகத்தான். இந்த ரத்தக் குழாய்கள் பக்கத்தில் இருப்பதால் இணைப்பது எளிது, சிறுநீர்ப்பையும் அருகிலேயே இருக்கிறது. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்ததும் இங்கேதான். 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது. அந்த ஆபரேஷன் செய்துகொண்ட யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவருடைய ரிப்போர்ட்டிலும் இதே பெயர் இருக்கும்.

சரி, வலது பக்கத்துக்கு வருவோம். அந்த ஒரு கட்டத்துக்குள் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்று தெரிந்தால், டாக்டர்கள் ஏன் ஆளுக்கொன்று சொன்னார்கள் என்பதும் புரிந்துவிடும். சிறுகுடல் வந்து பெருங்குடலோடு சேர்வது இங்கேதான். பெருங்குடலின் தொடக்கத்தில் அகன்ற பை மாதிரியான பகுதி சீக்கம். அதிலிருந்து தொங்குவது குடல்வால், நாம் அப்பெண்டிக்ஸ் என்று சொல்வது. பக்கத்திலேயே, அல்லது சற்று உள்ளே தள்ளி, பெண்களுக்கு வலது சினைப்பையும் சினைக்குழாயும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பின்னால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கிவரும் குழாய். குடலைத் தாங்கும் சவ்வில் நிணக்கணுக்கள். இத்தனையில் எது புண்பட்டாலும் கையை வைத்து ‘இங்கே வலிக்குது’ என்று காட்டும் இடம் ஒன்றுதான்.

ஆனாலும் வலது அடிவயிறு என்றாலே எல்லோர் வாயிலும் அப்பெண்டிக்ஸ்தான் முதலில் வருகிறது. அதற்கு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான மருத்துவர்கள் இந்த இடத்தில் சீழ் பிடிப்பதற்குச் சீக்கம்தான் காரணம் என்று நினைத்தார்கள். 1886-இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ்தான், மூலகாரணம் குடல்வால், சீக்கிரமே எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்று வாதிட்டார். ‘அப்பெண்டிசைட்டிஸ்’ என்ற பெயரும் அவர் கொடுத்ததே. மூன்று வருடம் கழித்து, 1889-இல் நியூயார்க்கில் சார்லஸ் மெக்பர்னி, எந்தப் புள்ளியில் ஒற்றை விரலால் அழுத்தினால் வலி அதிகமாக இருக்கும் என்று எழுதினார். நீங்கள் சற்றுமுன் தொட்ட இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்தப் புள்ளி வரும். இன்றைக்கும் அறுவை சிகிச்சை மருத்துவரின் விரல் முதலில் அங்கேதான் போகும்.

குடல்வால் அழற்சியில் வலி நகரும் விதம் முக்கியமானது. ஆரம்பத்தில் தொப்புளைச் சுற்றி, இன்ன இடம் என்று காட்டத் தெரியாதபடி மந்தமாக வலிக்கும். குடல்வாலிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகளும் தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்வதால், மூளை இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றின் உள்சுவரைத் தொடும். அந்தச் சுவருக்குத் தனி நரம்பு உண்டு, அது இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். அப்போது வலி தொப்புளை விட்டு வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். கூடவே பசி போய்விடும். குமட்டல், ஒன்றிரண்டு தடவை வாந்தி, லேசான காய்ச்சல் என்று வரும். நடந்தால், இருமினால், வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் வலி சுள்ளென்று ஏறும். எல்லோருக்கும் இப்படியே வராது. குடல்வால் சீக்கத்துக்குப் பின்னால் மடங்கி இருந்தால் முன்பக்கம் அழுத்தினாலும் பெரிதாக வலிக்காது. கீழே இடுப்புக்குழிக்குள் தொங்கினால் அடிக்கடி சிறுநீர் வருவது, பேதி மாதிரி போவது என்று போக்குக் காட்டும்.

1986-இல் ஆல்ஃபிரெடோ அல்வராடோ என்ற மருத்துவர் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் மதிப்பெண் கொடுத்து, பத்துக்கு எத்தனை என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வலது இலியாக் ஃபோசாவில் அழுத்தினால் வலிப்பதற்கு இரண்டு மதிப்பெண். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அதாவது நீங்கள் எழுதிய டோட்டல் கவுண்ட், 10,000-க்கு மேல் போனால் இரண்டு. வலி நகர்ந்து வந்தது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, காய்ச்சல், அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது வரும் வலி, வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் வகை கூடியிருப்பது, இவற்றுக்கு ஒவ்வொன்று. ஏழும் அதற்கு மேலும் வந்தால் குடல்வால் அழற்சிக்கு வாய்ப்பு அதிகம். நாலுக்குள் இருந்தால் குறைவு. ஐந்தும் ஆறும் வந்தால் அட்மிஷன் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம்.

உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதியதை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அழுத்தினால் வலித்தது, அதற்கு இரண்டு. வலி தொப்புளில் தொடங்கி நகரவில்லை, நேராக வலது பக்கமே வந்திருக்கிறது. பசி இருந்தது, குமட்டல் இல்லை, காய்ச்சல் இல்லை, டோட்டல் கவுண்டும் சாதாரணம். கையை எடுக்கும்போது வலித்ததா, நியூட்ரோஃபில் எவ்வளவு என்பதை நீங்கள் எழுதவில்லை. அவற்றுக்கும் ஒவ்வொன்று கொடுத்தாலும் நாலைத் தாண்டாது. இரண்டு நாளில் வலி தானாக அடங்கியும் விட்டது. அன்று அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர் நான் இல்லை. மதிப்பெண் கணக்கைவிடப் பார்த்தவரின் கைக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இருந்தாலும், நீங்கள் எழுதியிருப்பது குடல்வால் அழற்சியின் போக்காக எனக்குத் தெரியவில்லை.

‘அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை’ என்ற வரியைப் பார்த்து, அது அழுகிப் போய்விட்டதா, பிறவியிலேயே இல்லையா என்றெல்லாம் கேட்பவர்கள் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் குடல்வால் சிறு விரலைவிட மெல்லியது. முன்னால் குடலில் காற்று நிறைந்திருந்தாலோ, அது பின்னால் மடங்கி இருந்தாலோ அல்ட்ராசவுண்டில் கண்ணுக்குச் சிக்காது. வீங்கியிருந்தால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக, அழுத்தினாலும் அமுங்காமல் நிற்கும். அப்போது பிடிபட வாய்ப்பு அதிகம். ஆகவே ‘தெரியவில்லை’ என்றால் அதற்கு அந்த ஒரு பொருள்தான். நோய் இருக்கிறது என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. சந்தேகம் பலமாக இருந்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, ரத்தத்தை மறுபடி பார்ப்பது, மறுபடி ஸ்கேன், அதிலும் தெளிவில்லை என்றால் சி.டி. என்று போவோம். இளம் பெண்ணுக்கு எடுத்தவுடனே சி.டி. வேண்டாம் என்று தயங்குவது கதிர்வீச்சை நினைத்துத்தான். முதல் டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்றதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிவயிற்று வலியில் நான்கு மணி நேர இடைவெளியில் ஒரே கை மறுபடி தொட்டுப் பார்ப்பது மிக நல்ல பரிசோதனை.

மெசென்டரியில் சிறு நோடுகள் என்பது நான் சொன்ன நிணக்கணுக்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானவை பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் சாதாரணமாகவே தென்படும். கட்டி என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

பௌச் ஆஃப் டக்ளஸ் என்பது கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே உள்ள இடைவெளி, வயிற்றறையின் மிகத் தாழ்ந்த இடம். மாதவிலக்கு வருகிற வயதில் அங்கே கொஞ்சம் நீர் இருப்பது இயல்பு. முக்கியமாக, சினைப்பையிலிருந்து கருமுட்டை வெடித்து வெளிவரும் நாட்களில் அது இருக்கும். 28 நாள் சுழற்சியில் அது ஏறத்தாழ 14-ஆம் நாள். உங்கள் மகளுக்கு 15-ஆம் நாள் வலி வந்திருக்கிறது, ஒரு பக்கமாக வந்திருக்கிறது, திடீரென்று வந்திருக்கிறது, இரண்டு நாளில் போயிருக்கிறது, கொஞ்சம் நீரும் இருந்திருக்கிறது. கருமுட்டை வெளிவரும்போது சில பெண்களுக்கு இப்படி வலிக்கும். என்னுடைய முதல் சந்தேகம் அதுதான். இதை உறுதி செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. அடுத்த மூன்று மாதம் மாதவிலக்குத் தேதியையும், வலி வந்தால் அந்தத் தேதியையும், எந்தப் பக்கம் என்பதையும் அவள் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். நடுச்சுழற்சியில், சில மாதம் வலது பக்கம், சில மாதம் இடது பக்கம் என்று வந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது கர்ப்பப் பரிசோதனை விஷயம். உங்களுக்கு மனம் வருத்தப்பட்டிருக்கும் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்த டாக்டரம்மா செய்தது மிகச் சரியான காரியம், அவருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த எந்தப் பெண் அடிவயிற்று வலியோடு வந்தாலும், கல்யாணமானவரா இல்லையா என்று பார்க்காமல் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்பதுதான் முறை. கரு கருப்பைக்கு வெளியே சினைக்குழாயில் தங்கிவிட்டால் குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி, சில மணி நேரத்தில் உயிர் போகும். அதுவும் இதே கட்டத்தில்தான் வலிக்கும். ‘எங்கள் பெண் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று குடும்பம் மறுத்து, அதனால் நேரம் போய், காப்பாற்றியிருக்க வேண்டிய பெண்ணை இழப்பது பெரிய கொடுமை. அவளைச் சந்தேகப்பட்டு யாரும் இதைச் செய்யவில்லை. தனியாக உட்காரவைத்துக் கேட்டதும் அதற்காகவே. அம்மா பக்கத்தில் இருந்தால் வெள்ளைப்படுவது பற்றிக்கூடப் பல பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவளிடம் இதைப் பற்றிக் கோபமாக எதுவும் பேசிவிடாதீர்கள். அடுத்தமுறை வலி வந்தால் உங்களிடம் சொல்ல அவள் தயங்கக் கூடாது.

பெண்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சினைப்பை, பெரும்பாலும் அதில் ஒரு நீர்க்கட்டி இருக்கும்போது, தன் காம்போடு முறுக்கிக்கொள்வது உண்டு. திடீரென்று தாங்க முடியாத வலி வரும், விட்டு விட்டு வரலாம், வாந்தி கூடவே இருக்கும். நேரம் கடந்தால் சினைப்பைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிடும். அதைக் காப்பாற்ற அவசர ஆபரேஷன் தேவை. உங்கள் மகளின் ஸ்கேனில் கட்டி எதுவும் சொல்லப்படவில்லை, அது நல்ல செய்தி. ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். விதைப்பை முறுக்கிக்கொண்டாலும் சில பையன்கள் அடிவயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். வெட்கத்தில் மீதியை மறைத்துவிடுவார்கள். அப்பாவாவது கேட்டுவிட வேண்டும். அதில் ஆறு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்விக்கு என் கருத்து: இப்போது வேண்டாம். வலி நின்றுவிட்டது, அறிகுறிகள் பொருந்தவில்லை, ஸ்கேனில் வீங்கிய குடல்வாலை யாரும் காணவில்லை. ‘எதற்கும் எடுத்துவிடலாம்’ என்று ஒரு நல்ல உறுப்பை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். லேப்ராஸ்கோப்பி சின்ன ஆபரேஷன்தான் என்றாலும் மயக்க மருந்தும், பின்னால் குடல் ஒட்டிக்கொள்வதும் அதிலும் உண்டு. ஆனால் இதே வலி மறுபடி வந்து, பசியின்மையோ காய்ச்சலோ சேர்ந்தால் கதை வேறு. அப்போது எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள். சிக்கலில்லாத குடல்வால் அழற்சியை ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து ஆற்ற முடியும் என்பது உண்மை. ஃபின்லாந்தில் அப்படி ஆற்றப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து வருடத்துக்குள் பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. மீதி ஆறு பேருக்குத் தேவைப்படவில்லை. இதைச் சொல்லித்தான் நோயாளியிடம் முடிவைக் கேட்க வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், வயிற்றை யாரும் தட்டவோ பிசையவோ கூடாது. குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிவிடுவது நம் ஊர்களில் தலைமுறைகளாக இருக்கும் பழக்கம், அக்கறையோடு செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சாதாரண வாயுப் பிடிப்பாக இருந்தால் அதனால் கெடுதல் வராமல் போகலாம். உள்ளே சீழ் பிடித்த குடல்வால் இருந்தால், அந்தப் பிசைவிலேயே உடைந்து சீழ் வயிறு முழுக்கப் பரவும். எது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதேபோல, வலிக்கிற வயிற்றுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதும், பேதி மாத்திரை கொடுப்பதும், எனிமா வைப்பதும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் வாங்கி ஒரு நாளைக் கடத்துவதும் ஆபத்துதான். மருத்துவமனைக்கு வந்த பிறகு நாங்களே வலிக்கு ஊசி போடுவோம். வலியைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும் என்று முன்பு பயந்ததுபோல் இப்போது பயப்படுவதில்லை.

எப்போது உடனே ஓட வேண்டும்? வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் கூடிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். வலியோடு வாந்தி நிற்காவிட்டாலும், காய்ச்சல் ஏறினாலும், வயிறு பலகை மாதிரி இறுகிப் போனாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும், மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கும்போது வலி வந்தாலும் அப்படியே. இரவு எந்நேரமானாலும் 108-ஐக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் குறிப்பாக நினைவில் வையுங்கள். கடுமையாக வலித்துக்கொண்டிருந்த வயிறு திடீரென்று லேசாகி, ‘அப்பாடா, குறைந்துவிட்டது’ என்று தோன்றும்போது குடல்வால் உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. அழுத்தம் விட்டதால் வரும் தற்காலிக நிம்மதி அது. சில மணி நேரத்தில் வலி வயிறு முழுக்கப் பரவும்.

இன்னொரு வகை வலியும் இந்தக் கட்டத்தில் உண்டு. அது இப்படி அவசரமாக வராது. வாரக்கணக்கில் விட்டு விட்டு வலிப்பது, சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடுவது, எடை குறைவது, வயிற்றில் உருட்டல், சில சமயம் அந்த இடத்தில் ஒரு கட்டி தட்டுப்படுவது. நம் நாட்டில் இப்படி இருந்தால் குடல் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. வயிற்றுக் காசநோய் அதிகம் பிடிக்கும் இடமே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இந்தப் பகுதிதான். மருந்தாலேயே குணமாகும், அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். டைஃபாய்டு காய்ச்சலில் குடல் ஓட்டை விழுவதும் பெரும்பாலும் சிறுகுடலின் இந்தக் கடைசிப் பகுதியில்தான். அதனால் டைஃபாய்டு என்று சொல்லப்பட்டவருக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திடீர் வயிற்றுவலி வந்தால் காத்திருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு இவை எதற்கும் அறிகுறி இல்லை. இதே கட்டத்தில் வலி உள்ள வேறு யாராவது படித்தால் பயன்படும் என்று எழுதினேன்.

அவள் விடுதிக்குத் திரும்பிப் போகலாம், பஸ்ஸில் பயணம் செய்யலாம், வழக்கம்போலச் சாப்பிடலாம். பத்தியம் எதுவும் தேவையில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே ஒருமுறை அறுவை சிகிச்சை மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்த்துவிட்டு, மாதவிலக்கு முடிந்த மறுவாரம் அடிவயிற்று அல்ட்ராசவுண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சினைப்பைகளைத் தெளிவாகப் பார்க்க அந்த நாட்கள் வசதியானவை. போன மாத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் போட்டோ எடுத்து அவள் போனிலும் உங்கள் போனிலும் வைத்துவிடுங்கள். மறுபடி வலி வந்தால் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டட்டும். கூடவே வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் எங்கே வலித்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டாள், கடைசி மாதவிலக்குத் தேதி என்ன, இந்த நான்கையும் சொல்லச் சொல்லுங்கள். பார்க்கிற டாக்டர் கேட்பதும் இதைத்தான்.